வடித்துவிட்டு ஊற்றவும்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், மோட்டாரைத் தவிர. நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடிக்கக் கொஞ்சம் தெம்பு தேவைப்படும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். அதனால் கடையை அரை நாள் மூடிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் கடையை மூடுகிறேன் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும்.

முதல் காரியமாக உங்கள் தம்பியிடம் பேசுங்கள். மோட்டார் சரியானதும் வந்து படகை எடுக்கச் சொல்லுங்கள். ஒன்பது நாளாகத் துறைப் பக்கமே வரவில்லை. நான் கூப்பிட்டால் வரமாட்டான். அண்ணன் சொன்னால் தட்டமாட்டான்.

நடந்தது இதுதான். போன வாரம் திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு ஆலைக்காரர்கள் பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனான். நடு ஆற்றில் மோட்டார் கிறீச்சென்று கத்தி, இறுகி நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் அசையவே இல்லை. நீரோட்டம் படகை ரயில் பாலத்துத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போக, இவன் ஒரே துடுப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறான். கடைசியில் நமக்குப் போட்டியாகப் படகு விடுகிற மீசைக்காரர் தன் படகைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்து வந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சந்தையில் விற்காத மாட்டைத் திரும்ப ஓட்டிவருகிற மாதிரி நம் படகு அவர் படகுக்குப் பின்னால் வந்ததைத் துறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. மீசை மட்டும் சிரித்தது.

எனக்கு வந்ததே கோபம். ஏழு வருடம் ஆணியும் கயிறும் எண்ணெயும் விற்று வாங்கிய மோட்டார் அது. உங்கள் தம்பி மெதுவாகத்தான் சொன்னான்: “டேங்க்ல எண்ணெய் நிறைய இருக்கு அண்ணி. அலாரம்கூட அடிக்கல. எனக்கே ஒண்ணும் புரியல.” புரியவில்லையாம். எண்ணெய் நிறைய இருக்கிற மோட்டார் எண்ணெய் இல்லாத மாதிரி இறுகுமா? பதினெட்டுப் பேர் முன்னால் கேட்டுவிட்டேன்: “அண்ணன் அனுப்புன நல்ல எண்ணெயை வெளியில வித்துட்டு, எந்தக் குப்பையை ஊத்துன?”

அவன் மணிக்கட்டில் மாட்டியிருந்த சிவப்புக் கயிற்றை, படகோட்டி தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்துமே அந்தக் கயிற்றைக் கழற்றி, கடைக்குள் வந்து தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இன்னும் அது அங்கேயேதான் இருக்கிறது. தட்டு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் உள்ளே இருக்கிற பழைய தராசில் நிறுத்துக் கொடுக்கிறேன்.

மெக்கானிக் அந்தப் புதன்கிழமைதான் வந்தார். இந்த மோட்டாரில் நாம் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டியதில்லை. தனி டேங்கிலிருந்து மெல்லிய குழாய் வழியாக அதுவே எடுத்துக் கலந்துகொள்ளும். குழாய்க்கு முன்னால் ஒரு சல்லடை. அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஜெல்லி. ஸ்பூனால் எடுக்கலாம் போலக் கெட்டியாக இருந்தது. எண்ணெய் டேங்கில் நிறைய இருந்தும் ஒரு சொட்டுக்கூட மோட்டாருக்குப் போகவில்லை. அலாரத்துக்குத் தெரிந்தது டேங்கின் மட்டம் மட்டுந்தானாம். மட்டம் குறையவில்லை, அதனால் அது வாயை மூடிக்கொண்டிருந்தது.

“பைக் எண்ணெய் வேற, படகு எண்ணெய் வேற அக்கா. சேர்க்கிற மருந்து வேற வேற. சில நேரம் ஒத்துப்போகும், சில நேரம் இப்படி உறைஞ்சுபோகும். இதுல ரெண்டு மூணு ரகம் கிடக்கு. யார் ஊத்துனது?” என்று கேட்டார்.

நான் கையிலிருந்த ஜெல்லியைக் கந்தலில் துடைத்தேன். அவராகவே உங்கள் தம்பி என்று நினைத்துக்கொண்டார். அதை நான் திருத்தவில்லை.

இப்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது, கேளுங்கள். ஊற்றியது நான்.

உங்களோடு அங்கே வேலை பார்க்கிற கூட்டாளியிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய டின்னில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பழையதை முழுதும் வடித்துவிட்டு ஊற்றவும். நான்கே சொல். படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் டேங்கில் மூன்று லிட்டர் கிடந்தது. அது எப்படிச் சேர்ந்தது தெரியுமா? கடையில் சில்லறையாக விற்றுத் தீர்ந்த டின்களையெல்லாம் ஒரு புனலில் கவிழ்த்து வைப்பேன். பைக் டின், படகு டின், புல்வெட்டி டின், எது தீர்ந்தாலும் கவிழ்ப்பேன். மிச்சம் சொட்டுச் சொட்டாகப் பாட்டிலில் இறங்கும். நிறைந்ததும் நானே டேங்கில் ஊற்றிவிடுவேன். ஒரு சொட்டு வீணாக்கியதில்லை என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவள் நான். அந்த மூன்று லிட்டரை எந்த மனசோடு கீழே கொட்டுவேன்? எண்ணெய் தண்ணீரோடுதான் சேராது, எண்ணெயோடு எண்ணெய் சேராதா என்று நினைத்தேன். மோட்டார் நின்றதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, உங்கள் டின்னை அதன் தலையில் கவிழ்த்தேன். உங்கள் தம்பிக்கு எதுவும் தெரியாது. டின் காலியாக இருப்பதை மட்டும் பார்த்து, அண்ணன் எண்ணெய் ஊற்றியாயிற்றா என்று சந்தோஷமாகக் கேட்டான்.

மெக்கானிக் சொன்னதை நம்ப மனமில்லாமல், பாட்டிலில் இருந்த மிச்சத்தையும் உங்கள் டின்னில் ஒட்டியிருந்ததையும் ஒரு கண்ணாடி டம்ளரில் கலந்து வைத்துப் பார்த்தேன். மறுநாள் டம்ளரைச் சாய்த்தேன். வழியவில்லை.

எனக்கு உங்கள் மேலும் எரிச்சல்தான். சீட்டில் காரணத்தையும் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? ‘வடிக்காவிட்டால் மோட்டார் போய்விடும்’ என்று எழுத எத்தனை மை செலவாகும்? கூடவே இருந்து நீங்களே ஊற்றியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. சரி, விடுங்கள். வடிக்கச் சொன்னவர் மேல் வடிக்காதவள் கோபப்படுவது எந்த ஊர் நியாயம்?

மோட்டார் சனிக்கிழமை தயாராகிவிடும். ஆலை மேற்பார்வையாளர் ஒன்றாம் தேதிவரை பொறுப்பேன் என்றிருக்கிறார். அதற்குமேல் என்றால், இப்போதைக்கு மீசைக்காரர் படகில் போகிற ஆட்களை நிரந்தரமாக அவரிடமே விட்டுவிடுவாராம். கூலிக்கு ஓட்ட ஆள் கிடைப்பான். ஆனால் காலைப் பனியில் மணல்திட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் நீங்கள். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் மெக்கானிக் இன்று காலை சொன்னார். மீசைக்காரர் உங்கள் தம்பியை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார், நாம் கொடுப்பதைவிட அதிகம் தருவதாக. உங்கள் தம்பி சொன்ன பதில்: “எங்க அண்ணி படகுக்கு எதிரா நான் ஓட்டமாட்டேன்.” திருடன் என்று என்னிடம் பேர் வாங்கிய நாலாம் நாள் சொன்னது. அதைக் கேட்ட பிறகுதான் கடையை மூடினேன்.

அதனால் மேலே முதலில் எழுதியதை விட்டுவிடுங்கள். தம்பியிடம் நீங்கள் பேச வேண்டாம். அண்ணன் சொல்லுக்காக அவன் வந்தால், அந்தப் பழி அவன் கூடவே படகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாளைக் காலை ஷிப்டுக்குத் துறையில் கூட்டம் நிற்கும் நேரமாகப் பார்த்து அவனைத் துறைக்குக் கூட்டிவர அவன் வீட்டுக்கு நானே போகிறேன். உங்கள் சீட்டையும் அந்த டம்ளரையும் சிவப்புக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போவேன். எத்தனை பேர் முன்னால் பழி சொன்னேனோ அத்தனை பேர் முன்னால், துறையிலேயே, ஊற்றியது நான் என்று சொல்லிவிடுகிறேன். மீசைக்காரரும் கேட்கட்டும். அவன் வருவானா என்பது எனக்குத் தெரியாது. எனக்கு விலை தெரியாத சரக்கு இது ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இனிமேல் எண்ணெய் எதுவும் அனுப்ப வேண்டாம். லீவு கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கயிறு திரும்பி வராமல் தராசுத் தட்டு இனி நேராக நிற்க வேண்டும் என்று உங்கள் வாயாலும் ஒரு தரம் சொல்லுங்கள்.

உங்கள்,
குட்டியின் அம்மா