நினிவே சுவருக்குப் போன நார்வலை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. களத்தில் தேங்காய் மட்டை காயவில்லை. நார் மெஷின் நிறுத்தம். பல்வலி பரவாயில்லை.

ஈராக்கிலிருந்து ஹனா மேடம் போட்டோ. நினிவே அகழாய்வில் மண்சுவர்களைக் காப்பாற்றும் வேலை அவருக்கு. போன மாதம் நாம் அனுப்பிய தேங்காய்நார் வலை, கோட்டை வாசல் சுவர்மேல் போர்த்தியிருக்கிறது. அசீரிய ராஜாவின் தலைநகரில் பட்டுக்கோட்டை நார்! வீட்டில் செல்வியிடம் காட்டினேன். "நம்ம மாடிக்கு ஒரு தகர ஷீட்டு போட ஆறு வருஷமா வழியில்ல" என்றாள். வாய் அப்படி.

கூடவே ஒரு கேள்வி. நார் நல்ல தண்ணீரில் கழுவியதுதானே? உப்பு இருந்தால் ஈரத்தோடு சுடாத பச்சைச் செங்கல்லுக்குள் இறங்கிவிடுமாம். காயும்போது பூத்து, செங்கல்லை மாவாக உதிர்த்துவிடுமாம். நாலு ரோல் விரித்தாயிற்றாம். மீதி வியாழனன்று.

"எஸ் மேடம்" என்று உடனே அடித்துவிட்டேன். வாங்குகிறவர் எது கேட்டாலும் முதலில் ஆமாம், யோசனை பிறகு. தோப்பு தோப்பாக மட்டை பொறுக்கின காலத்திலிருந்து அப்படியே வந்துவிட்டது.

பிறகுதான் மேஸ்திரி சாகுலைக் கேட்டேன்.

"அது முத்துப்பேட்டை மட்டைங்க மொதலாளி. கழிமுகத்துல ஊறுனது."

"கழுவுனீங்கள்ல பாய்?"

"கழுவுனோம்... மே மாசம் ஆத்துல ஏதுங்க தண்ணி? போர் தண்ணிதான்."

அந்த போர் தண்ணீரில் டீ போட்டால் வாயில் வைக்க முடியாது.

நவம்பர் 5, புதன்

தூறல். சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்ல மறந்தேன். கரண்ட் பில் கட்டியாயிற்று.

போனில் நினிவே பற்றிப் படித்தேன். சனகெரிப் என்ற ராஜா கட்டிய தலைநகரம். மலையிலிருந்து வாய்க்கால் வெட்டி, குறுக்கே வந்த பள்ளத்துக்குக் கல்பாலம் கட்டி, அதன்மேல் தண்ணீரை ஓட்டி ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறான். நம் ஊர்க்காரன் போல. பிறகு எதிரிகள் ஊரையே கொளுத்தியிருக்கிறார்கள். மண் பலகையில் எழுதிய ஏடுகள் அந்தத் தீயிலேயே சுட்டுக் கெட்டியாகித் தப்பித்தன. சில வருஷம் முன்பு தீவிரவாதிகள் புல்டோசர் விட்டு வாசலை இடித்தார்கள். இடிபாட்டை அள்ளியபோது அடியில் சிற்பக் கற்கள். இவ்வளவுக்கும் தப்பியது என் உப்பில் போகவேண்டுமா?

சாகுல் முகமே சரியில்லை. "மீன் முழுங்குச்சே, அந்த யூனுஸ் நபியை அல்லா அனுப்புன ஊருங்க அது. அங்க போயா நம்ம உப்பு?"

மதியம் வரை மேடத்துக்கு எழுதவில்லை. பயம். இன்னொரு ஆர்டர் வராது என்ற பயமும்தான், இதில் என்ன மறைப்பு.

செல்வி: "ஆமான்னு சொல்ல அரை நிமிஷம் ஆகல. தெரியலன்னு சொல்ல ரெண்டு நாளா?"

எழுதிவிட்டேன். "விசாரிக்காமல் ஆமாம் என்றேன். உப்புத் தண்ணீரில் கழுவியிருக்கலாம். மீதியை விரிக்காதீர்கள். சோதித்துச் சொல்கிறேன்."

பத்து நிமிஷத்தில் பதில். "நிறுத்திவிட்டோம். நாலையும் எடுக்கிறோம். சீக்கிரம் சோதித்துச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் இங்கே மழை, அதற்குள் சுவரை மூட வேண்டும்."

ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

வெயில்! கிடங்கில் அதே லாட்டில் ஒரு ரோல் மிச்சம். நார்த்தூள் ஏற்றுமதிக்கு உப்பு பார்க்கும் மீட்டர் இருக்கிறது, பேட்டரி செத்துக் கிடந்தது. வாங்க ஆள் அனுப்பினேன்.

அதற்குள் சாகுல் தன் மாட்டை ஓட்டிவந்தார். "மீட்டர் வர்றப்ப வரட்டுங்க. உப்பு இருந்தா இது விடாது."

கழுவாத முத்துப்பேட்டை நாரைப் போட்டோம். நக்கித் தள்ளியது. வலையைப் போட்டோம். மோந்து பார்த்தது. தும்மியது. திரும்பிக்கொண்டது. இன்னொரு துண்டு. அதையும் தொடவில்லை.

பேட்டரி வந்தது. மழைத்தண்ணீரில் ஊறவைத்து மீட்டரை விட்டேன். நார்த்தூளுக்கு நாங்கள் ஒத்துக்கொள்ளும் அளவில் பாதிகூட இல்லை. மூன்று தடவை பார்த்தேன். அதேதான். அப்படியே ரோல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்படி பாய் போச்சு உப்பு?"

பிடரியைச் சொறிந்தார். "ஆவணியில பத்து நாள் அடிச்சிச்சுல்லங்க மழை... அந்த லாட்டு மொத்தமும் களத்துல கெடந்திச்சு. தார்ப்பாய் போட மறந்துட்டேன். திட்டுவீங்கன்னு காய வச்சு சுருட்டி உள்ள வச்சிட்டேன்."

திட்ட வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது.

மீட்டர் போட்டோ, மாட்டு வீடியோ, தார்ப்பாய்க் கதை மூன்றையும் மேடத்துக்கு அனுப்பினேன். பதில்: "மாட்டின் சான்றிதழ் ஏற்கப்பட்டது. ஒரு துண்டை இங்கேயும் ஊறவைத்துப் பார்த்தேன், சரிதான். இந்த வாசல் எதற்குத் தெரியுமா? ஆற்றுத் தண்ணீருக்கு ஆடுமாடு ஓட்டிப் போன வாசல். நாளை எல்லாவற்றையும் விரிக்கிறோம்."

இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மேகம். செல்வியின் ஷீட்டுக்கு ஆள் வந்து அளவெடுத்துப் போனான்.

மேடம் போட்டோ. அங்கே இரண்டு நாள் நல்ல மழை. வலை நனைந்து கறுத்துக் கிடக்கிறது. ஓரத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். சுவர் அப்படியே.

புதுத் தார்ப்பாய் நாலு. சாகுல் மாட்டுக்கு இரண்டு கிலோ கல்லுப்பு.