அக்குளில் நான்கு புள்ளிகள்

செவ்வாய் வடமுனைப் பனி நிலையம்
பதிவு: செண்பகவல்லி, பனித்துளை ஆய்வாளர், வயது 51

அக்டோபர் 3, 09:10
வெளியே கழித்தல் எழுபத்தெட்டு டிகிரி. துளை ஆழம் 412 மீட்டர். காற்றுத் துவாரங்களில் படிந்த பனியைச் சுரண்டியாயிற்று. மின்சாரம் சீர். நிலையத்தில் மனிதர் எண்ணிக்கை ஒன்று; எடை விவரம் கேட்காதீர்கள்.

இன்னொரு விவரம். போன வாரம் என் வலது மார்பிலிருந்து கம்பவுண்டர் ஒரு கட்டியை எடுத்தது. கம்பவுண்டர் என்பது எங்கள் மருத்துவ இயந்திரம். நான்கு கை, வாய்ச்சவடால் கிடையாது; நான் பெண் பார்க்கப்பட்ட காலத்தில் இப்படி ஒருவரும் வரவில்லை. கட்டியோடு அக்குளிலிருந்து இரண்டு நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதித்தது. இரண்டிலும் புற்று.

இதைக் கண்டெடுப்பவர் இந்த வரியை என் தங்கைக்கு நின்றபடி படித்துக் காட்ட வேண்டாம். அவளை முதலில் உட்கார வையுங்கள்.

அக்டோபர் 5, 11:30
பூமியிலிருந்து டாக்டர் ஜெபா. நாகர்கோவில்காரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், அதட்டலில் மூத்தவள். கேள்வி போய்ப் பதில் வர நாற்பது நிமிடம் ஆகிறது.

"அக்கா, அக்குளுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கம்பவுண்டர் திறந்து மிச்ச நெறிக்கட்டியெல்லாம் எடுத்துரும். இன்னொண்ணு, திறக்காம கதிர் வைக்கிறது. பதினஞ்சு தடவை. உங்க நிலைமையில நோய் திரும்பி வர்றதுல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ஆனா ஆபரேஷன்ல கை வீங்கிப்போக வாய்ப்பு கூட. கதிர்லயும் வீங்கலாம், கம்மி. யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப யோசிக்காதீங்க, உங்களுக்கு அது ஒத்துவராது."

கை வீங்கினால் வெளியுடைக்குள் நுழையாது. வெளியே போகாவிட்டால் துவாரங்களைப் பனி அடைக்கும். அடுத்த கப்பல் மார்ச்சில். ஆகவே கதிர். இது அறிவியல் காரணம். உண்மைக் காரணம், வெங்காயத்தையே கண்ணை மூடிக்கொண்டு நறுக்குகிறவள் நான்.

அக்டோபர் 12, 10:00
கதிர் விழவேண்டிய இடத்தைக் காட்ட உடம்பில் நான்கு புள்ளி. பச்சை குத்துவதுதான் முறையாம். அதற்கான மைக்குப்பி காலி. எனக்கு முன் இங்கே குளிர்காலம் கழித்த எட்வின், அதைக் கொண்டு தன் புஜத்தில் 'ஷைலஜா' என்று குத்திக்கொண்டான். அவன் மனைவி பெயர் கிரேஸ். எனக்கென்ன வந்தது, பதிவு முழுமையாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

ஆகவே கம்பவுண்டர் மையால் வைத்தது. புள்ளிகள் நகரவில்லையா என்று தினமும் படத்தில் ஒத்துப் பார்ப்பது ஜெபாவின் வேலை.

"தேய்ச்சுக் குளிக்காதீங்க. எண்ணெய் படவே கூடாது. அழிஞ்சா எங்கிட்ட சொல்லணும், நீங்களா வைக்கக் கூடாது. மூணு தடவ சொல்லிட்டேன் அக்கா."

அக்டோபர் 21, 06:20
ஆறு தடவை முடிந்தது. இன்று தீபாவளி. நல்லெண்ணெய், சீயக்காய், பனியை உருக்கிய வெந்நீர். தலைக்கு மட்டும் என்றுதான் தொடங்கினேன். ஐம்பது தீபாவளி கண்ட கை, கழுத்தோடு நிற்கவில்லை. துவட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் கோவில் சிலை மாதிரி பளபளக்கிறேன். புள்ளி ஒன்றுகூட இல்லை.

06:55
ஜெபாவின் செய்தி வந்தது. "இன்னைக்கு மத்தியானத்துல இருந்து சூரியன் குறுக்க வருது. பதினாறு நாள் பேச முடியாது. படமெல்லாம் எடுத்து வைங்க, வந்ததும் ஒத்துப் பாக்குறேன். சேட்டை பண்ணாதீங்க."

சொல்லியிருக்கலாம். நேரமும் இருந்தது. இந்த வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் திட்டு வாங்க வெட்கம். 'எல்லாம் நலம், தீபாவளி வாழ்த்து' என்று அனுப்பினேன். பெட்டியில் ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. நினைவை வைத்து நான்கு ஒட்டினேன்.

கம்பவுண்டர் சொன்னது: "குறிகள் நான்கு. சரி."

அதற்கு எண்ண மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் 30, 08:15
பதின்மூன்று முடிந்தது. தோல் சிவக்கும் என்று ஜெபா சொல்லியிருந்தாள். சிவந்திருக்கிறது, இரண்டு சதுரமாக. மேலே ஒன்று, வெளிறியது. அதிலிருந்து மூன்று விரல்கடை கீழே இன்னொன்று, வெந்தது மாதிரி. இரண்டும் சேரும் பட்டையில் தோல் உரிகிறது.

ஏழு தடவை பாதிக்கதிரை என் விலா எலும்புக்கு வைத்திருக்கிறேன்.

08:40
அக்குளின் உச்சியில் விரலை வைத்தேன். ஒரு பட்டாணி. நேற்று இருந்ததா, தெரியாது. நேற்று நான் தேடவில்லை.

நவம்பர் 1, 10:05
கொண்டைக்கடலை. கை வீங்கிவிட்டது. எதற்குப் பயந்து கதிரைக் கேட்டேனோ அதுவே. விரல் நுனிகள் நீலம். மோதிரம் கழலவில்லை.

கம்பவுண்டர்: "கதிர் நிறுத்தப்பட்டது. கட்டி கையின் இரத்த நாளத்தை நெருக்குகிறது. நாற்பது மணி நேரத்துக்குள் அறுவை தேவை."

பூமி பேச இன்னும் ஐந்து நாள். போகாது என்று தெரிந்தே சூரியனைப் பார்த்து ஒரு செய்தி அனுப்பினேன். "ஜெபா, புள்ளி அழிஞ்சுபோச்சு. நானே ஒட்டுனேன். உங்கிட்ட திட்டு வாங்குறதுக்காவது எழுந்து வந்துர்றேன்."

நவம்பர் 2, 09:30
மேசையில் படுத்திருக்கிறேன். இடது கை எழுத்து, மன்னிக்கவும். கட்டியை எடுத்தபோது, நான் மயங்கிய பிறகு நடந்ததையெல்லாம் அங்கிருந்து ஜெபா கவனித்துக்கொண்டாள். என்ன செய்தாள் என்று நான் கேட்டுவைக்கவே இல்லை. இப்போது நானும் கம்பவுண்டரும்தான்.

சிரிப்பாக ஏதாவது எழுத நினைத்தேன். வரவில்லை. பயமாக இருக்கிறது. வெறும் பயம்.

முகமூடி வருகிறது. பத்திலிருந்து கீழே எண்ணச் சொல்கிறது. பத்து. ஒன்பது. எட்

நவம்பர் 2, 10:12 (இயந்திரப் பதிவு)
நோயாளி மயக்கத்தில். சுவாசக் குழாய் பொருத்தப்பட்டது. கீறல் தொடங்கியது.

10:50
எட்டுக் கணுக்கள் எடுக்கப்பட்டன. ஒன்பதாவது நாளத்தோடு ஒட்டியுள்ளது. கதிர்பட்ட தசை வீங்கி, எல்லை தெரியவில்லை. வெட்டவா, விட்டு மூடவா? கண்காணிக்கும் மருத்துவர் சொல்லவும்.

11:30
பதில் இல்லை. காயம் திறந்த நிலை. காத்திருக்கிறேன்.

12:30
பதில் இல்லை. பூமித் தொடர்புக்கு நான்கு நாள். காத்திருக்கிறேன்.

14:05
மயக்க மருந்து இருப்பு: ஆறு நிமிடம். காத்திருக்கிறேன்.

14:13
நிலையத்தில் விழித்திருக்கும் மனிதர் எண்ணிக்கை: ஒன்று. விதிப்படி கேள்வி அவருக்கு மாற்றப்படுகிறது. வெட்டவா, விட்டு மூடவா?

14:14
குழாய் காரணமாகப் பதில் தெளிவில்லை. மீண்டும் சொல்லவும்.

14:15
மீண்டும் சொல்லவும்.