ஒப்புதல் படிவமும் என் வீட்டுக்காரரும்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் காணொளி வகுப்பு. அயர்லாந்தில் மூன்று பேர், நார்வேயில் இரண்டு பேர், பாகூரில் நான் ஒருத்தி. ஆறு பேரும் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள். பயங்கரவாதத் தடுப்பு ஆய்வு என்றால், நான் துப்பாக்கி சுடப் பழகுவதாகத் தெருவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பழகுவது கேள்வி கேட்க. ஆயுதக் குழுக்களுக்குப் போன பிள்ளைகளின் வீட்டாரிடம், புண்ணைக் கிளறாமல் பேச.

அதற்கு முன் ஒரு பயிற்சி. சொந்த வீட்டில் ஒருவரிடம், அந்த வீட்டில் யாரும் பேசாத ஒன்றைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அடுத்தவர் வீட்டுக்குப் போகும் முன் அது எவ்வளவு கனம் என்று நமக்குத் தெரியட்டுமாம். மொழிபெயர்ப்போடு 15ஆம் தேதிக்குள் அனுப்பினால்தான் அக்டோபரில் டப்ளினில் ஆறு மாதம் ஆய்வு செய்ய இடம்.

எங்கள் வீட்டில் பேசாத விஷயம் ஒன்றுதான். புகழின் அண்ணன் மணவாளன்.

ஆகஸ்ட் 6, புதன்

புகழிடம் கேட்டேன். உடனே சரி என்றார். ஒப்புதல் படிவம் நாலு பக்கம். எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். நான் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்போதே மனிதர் நாலாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். சாட்சிக்கான இடத்திலும் அவரே!

கல்யாணமாகி ஒன்பது வருடம். நான் நீட்டிய எந்தத் தாளையும் அவர் படித்ததில்லை. கேட்டால், "நீ இன்னா தப்பாவா கேக்கப் போற?" என்கிறார். இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படி ஆராய்ச்சி செய்வது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பதிவு முடிந்தது. நாற்பத்திரண்டு நிமிடம். மாமியார் பூரணாங்குப்பத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 2009இல் மணவாளன் ஒரு குழுவோடு சேர்ந்தார். சுத்துக்கேணிப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில் வெடிமருந்தோடு பிடிபட்டார். ஆறு வருடம் சிறை. வெளியே வந்ததும் ஓசூர் போனவர், வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு.

இன்று புகழ் சொன்னார்.

"நாந்தான் குமாரி. ஸ்டேஷனுக்குப் போயி நாந்தான் எடத்தச் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியாது."

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. நான் என்ன செய்தேன்? அடுத்த கேள்வியைக் கேட்டேன். தாளில் இருந்த வரிசைப்படி! கையைப் பிடித்திருக்க வேண்டாமா நான்? பிறகுதான் பிடித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

புகழ் தன் டெம்போவைக் கழுவிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைதான் கழுவினார்.

ஆகஸ்ட் 13, புதன்

மொழிபெயர்ப்பு முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. படிக்கிற யாரும் அழுதுவிடுவார்கள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வகுப்பில் எனக்கு ஜோடியாகப் போட்டிருக்கும் அயர்லாந்துப் பெண் மேவ் கேட்டாள்: உங்கள் ஊரில் பிடிக்காத ஒன்றை எப்படி மறுப்பார்கள்? ஊரைப் பற்றித் தெரியாது, என் வீட்டுக்காரர் வண்டி கழுவுவார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சொன்ன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன பொங்கலுக்கு மஞ்சுளா அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றேன். சரி என்றார், வண்டியைக் கழுவினார். குத்தகை நிலத்தை விட்டுவிடலாம் என்றேன். சரி என்றார், கழுவினார். இப்போது திங்கள், செவ்வாய், இன்று. மூன்று நாளாக, சேறே படாத வண்டி.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேரடியாகக் கேட்டேன், அனுப்பட்டுமா என்று. "அனுப்பு. உன் படிப்பாச்சே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் வாளி.

நாளை கடைசி நாள். இன்னொருவரிடம் பேசி, மொழிபெயர்த்து... நடக்காது. கையெழுத்து இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாகவே இருக்கிறது. விதிப்படி தாராளமாக அனுப்பலாம். படிப்புக்குன்னு ஆறு வருஷமா பஸ்ஸுலயே பாதி உசுரு போச்சு, ஒரே ஒரு தடவ எனக்குன்னு ஒண்ணு வருது, அத்தயும் —

அழித்துவிட்டேன். பதிவையும் மொழிபெயர்ப்பையும், அவர் கண்ணெதிரிலேயே. "இன்னா பண்ற நீ" என்று ஓடிவந்து ஈரக்கையால் பிடித்தார். அதற்குள் போய்விட்டது. நாலு நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார் மனிதர். அதைக் கேட்டதும் என் வருத்தமெல்லாம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இந்த நோட்டில் எழுதியிருப்பதையும் அவரிடம் காட்டினேன். கிழிக்கச் சொன்னால் கிழித்துவிடுகிறேன் என்றேன். உட்கார்ந்து முழுவதும் படித்தார். இருக்கட்டும் என்றார். செவ்வாய்க்கிழமை வண்டியில் நிஜமாகவே சேறு இருந்ததாம். அதை மட்டும் திருத்தச் சொல்கிறார். திருத்த மாட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

என் நெறியாளர் ஜெயசீலன் சார் போன் செய்தார். அக்டோபர் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம், உறுதி இல்லை. கொஞ்சம் அழுதேன். புகழ் கடைவீதியிலிருந்து பரோட்டா வாங்கி வந்தார். அழுகையோடு மூன்று சாப்பிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் மாமியார் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். புகழ் போய் எதிரில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், அண்ணன் இருந்த இடத்தை போலீஸில் சொன்னது தான்தான் என்று. மாமியார் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டா. அன்னைக்கு நீ சைக்கிள எடுத்துக்கினு போனத பாத்தேன். நீ போவலன்னா நான் போயிருப்பன்."

நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் புகழ் அதையெல்லாம் என்னிடம் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை நோட்டில் எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். சைக்கிள் வரைக்கும் எழுதலாம், அம்மாவும் சரி என்றுவிட்டார் என்றார். அதற்குப் பிறகு அம்மா சொன்னது?

"அது வாணாம் குமாரி."

என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் முறை.

எழுதவில்லை.