பழுதாகாத டிஸ்க்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம்

அனுப்புநர்:
பேருந்துப் பயணச்சீட்டுப் பரிசோதகர்,
போக்குவரத்துப் பணியாளர் குடியிருப்பு,
மூன்றாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது மருத்துவமனைகள் இயக்ககம்.

பொருள்: மருத்துவமனை சர்வரில் இருந்த என் மனைவியின் பழைய ஸ்கேன் படம் அழிந்துவிட்டதாகச் சொல்லப்படுவது – அது அழியவில்லை என்று நம்பக் காரணம் இருப்பது – திங்கட்கிழமைக்கு முன் டிஸ்க்குகள் அனைத்தையும் நிறுத்தி வைத்து மீட்க உத்தரவிடக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணிபுரிகிறேன். சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். இந்தப் பழக்கம் வேலை முடிந்த பிறகும் விடுவதில்லை என்று வீட்டில் குறை உண்டு. இம்மனுவில் அந்தக் குறை தெரிந்தால் பொறுத்தருளும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்பவர். அவருடைய முகம் தெரியாதவர்களும் அவருடைய குரலைக் கேட்டு ஓடி வண்டி ஏறியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் தொடர்ந்து தலைவலி இருந்தது. மேற்படி மருத்துவமனையில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். படத்தைக் கையில் கொடுங்கள் என்று நான் கேட்டேன். ஸ்கேன் பிரிவில் இருந்தவர், "எதுக்குங்க சுமந்துட்டுப் போறீங்க? எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்கு. எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் நம்பரைச் சொன்னா போதும்" என்றார். நான் மீண்டும் கேட்டேன். படம் அச்சிடுவதையே நிறுத்திவிட்டோம் என்றார். நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

3. அண்மையில் ஒருநாள் மாலை, நெரிசலான நேரத்தில், என் மனைவிக்கு மைக் முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை. 'மேடை' என்ற வார்த்தை. ஒரு நாளில் நூறு முறை சொல்கிற வார்த்தை அது. வாய் திறந்திருந்தது, வார்த்தைதான் இல்லை என்று பின்னால் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். புதிதாக எடுத்த ஸ்கேனில், மூளையில் பேச்சுக்கு உரிய இடத்தை ஒட்டி ஒரு புள்ளி தெரிந்தது.

4. மூளை அறுவைச் சிகிச்சை மருத்துவர் (அம்மையார், அவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை) விஷயத்தை மறைக்காமல் சொன்னார். அந்தப் புள்ளி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் இதே அளவில் இருந்திருந்தால் அது பாட்டுக்கு இருக்கிற வகை. மாத்திரையோடு விட்டுவிடலாம். அப்போது இல்லாமல் இப்போது வந்திருந்தால் வளர்கிற வகை. தலையைத் திறந்து உடனே எடுத்தாக வேண்டும். எடுத்தால் பேச்சு முன்போல் இருக்குமா என்பதற்கு அவரால் உறுதி சொல்ல முடியாது. "பழைய படத்தைப் பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரே நிமிஷத்துல சொல்லிடுவேன்மா. அது இல்லாம உங்களைக் காத்திருக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல" என்று என் மனைவியிடம் சொன்னார். பழைய படத்தைத் திறந்து பார்க்க ஒரு நாள் குறித்தார்கள். அந்த நாளில்தான் சர்வர் நின்றது.

5. அன்று நடந்ததை நான் நேரில் பார்த்தேன். மருத்துவமனையின் கணினி அறை, காத்திருப்புக் கூடத்தின் கோடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த இருக்கை அந்தக் கதவுக்கு நேர் எதிரே; கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஓர் இரும்புப் பெட்டி, அதில் சின்ன இழுப்பறைகள் போல எட்டு டிஸ்க்குகள் வரிசையாக நின்றன. நாங்கள் போகும்போதே அது விடாமல் கீச்சுக் கீச்சென்று ஒலித்துக்கொண்டிருந்தது. ஏழு டிஸ்க்குகளில் பச்சை விளக்கு. இடமிருந்து நான்காவதில் சிவப்பு.

6. கணினிப் பணியாளர் போனைக் காதில் இடுக்கியபடி வந்தார். மறுமுனையில் பெட்டியை விற்ற நிறுவனத்தார் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் விரலை வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார். பிறகு தயங்கினார். "சார், செவப்பு லைட்டு பக்கத்து டிஸ்க்ல எரியுதே" என்றார். அந்தப் பக்கம் ஏதோ அதட்டியிருக்க வேண்டும். "சரிங்க சார், நீங்க மூணுன்னா மூணுதான்" என்று சொல்லி, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த மூன்றாவது டிஸ்க்கை உருவி வெளியே எடுத்தார். கீச்சுச் சத்தம் நீண்ட ஊளையாக மாறியது. கூடத்தில் டோக்கன் எண் காட்டும் திரை இருண்டது. கடைசியாக அதில் தெரிந்தது எங்கள் எண்.

7. எரிகிற விளக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு அதற்குப் பக்கத்தில் இருப்பதை உருவுகிறவரை எப்படி நினைப்பது, ஐயா? நான் நினைக்க வேண்டியதை நினைத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குறை ஒன்றும் இல்லை என்று அறிக்கை எழுதிய மருத்துவர்தான் இன்று ஸ்கேன் பிரிவின் தலைவர். பழைய படத்தில் புள்ளி இருந்தால் அவர் அதைப் பார்க்கத் தவறிவிட்டார் என்று ஆகும். படம் இல்லாமல் போனால் யாருக்கு நல்லது என்று கேட்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. சர்வரை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் குழுவிலும் அதே மருத்துவர் இருக்கிறார். இதை விசாரிக்காமல் தங்கள் இயக்ககம் தற்செயல் என்று எழுதிவிடாது என நம்புகிறேன்.

8. மருத்துவமனை நிர்வாக அலுவலரிடம் போனேன். முதலில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்றார். மறுநாள் போனபோது இரண்டு நாள் ஆகும் என்றார். அதற்கும் மறுநாள், போனது போனதுதான் என்றார். பயணச்சீட்டு எடுக்காதவர் முதலில் சட்டைப்பையைத் தடவுவார், பிறகு பையைக் கிளறுவார், கடைசியில் கூட வந்தவரிடம் இருக்கிறது என்பார். எனக்கு இது பழக்கமான வரிசை.

9. பேக்கப், அதாவது மாற்றுப் பிரதி, இல்லையா என்று கேட்டேன். அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்து, "தினமும் ராத்திரி தவறாம எடுக்கறோம்" என்றார். எங்கே இருக்கிறது என்றேன். அவர் பக்கத்தில் நின்ற கணினிப் பணியாளரைப் பார்த்தார். பணியாளர்தான் மெல்லச் சொன்னார்: அதே பெட்டியில், அதே எட்டு டிஸ்க்குகளில், ஓர் ஓரத்தில். வீட்டுச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டியது போல இருக்கிறது இந்த ஏற்பாடு. எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு படத்தையாவது எப்போதாவது திறந்து பார்த்தீர்களா என்றும் கேட்டேன். தினமும் 'வெற்றி' என்று செய்தி வரும், அதனால் பார்த்ததில்லை என்றார்கள். என்னிடம் சீட்டு இருக்கிறது என்று சொல்கிற எல்லோரையும் நான் நம்பியிருந்தால் என் வேலை என்றோ போயிருக்கும். நான் மேலும் கேட்கத் தொடங்கியதும் அலுவலர், "நீங்க பஸ் டிக்கெட்டைப் பாருங்க, சர்வரை நாங்க பாத்துக்கறோம்" என்று எழுந்துகொண்டார்.

10. டிஸ்க்கிலிருந்து அழிந்ததை மீட்டுத் தருகிற கடை ஒன்றைத் தேடிப் போனேன். தண்ணீரில் விழுந்த போன்களும் கருகிய மடிக்கணினிகளும் மேஜை முழுவதும் பரப்பிக் கிடந்தன. கடைக்காரர் நான் பார்த்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னார். நான்காவதில் சிவப்பு, உருவியது மூன்றாவதை என்றதும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "போன்ல சொன்னவங்க மூணுன்னாங்களா? சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அந்த மெஷினு பூஜ்யத்துலேர்ந்து எண்ணும் சார். அதுக்கு முதல் டிஸ்க் பூஜ்யம். அது மூணுன்னா நம்ம கணக்குல நாலு" என்றார். பெட்டி ஒரு டிஸ்க் கெட்டால் தாங்குமாம், இரண்டு போனால் தாங்காதாம். கெட்டது ஒன்று உள்ளே இருக்க, நல்லது ஒன்றையும் உருவியதால்தான் எல்லாம் நின்றதாம்.

11. இந்த விளக்கத்தை நான் முழுவதும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கடைக்காரருக்கும் தொழில் நடக்க வேண்டுமே என்ற எண்ணமும் எனக்கு வந்தது. அதை அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "என்கிட்டதான் தரணும்னு இல்ல சார். யார்கிட்ட வேணா குடுங்க. ஆனா வெளிய எடுத்தது நல்ல டிஸ்க். அதையும் மத்த ஆறையும் முதல்ல நகல் எடுத்து, நகலை வெச்சு சேத்தா வந்துடும். பெட்டியைத் திரும்ப ஆன் பண்ணக் கூடாது, ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணிட்டீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றார். இதை மருத்துவமனையின் கணினிப் பணியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர், சிவப்பு விளக்கைப் பற்றித் தான் சொன்னதை நான் கேட்டேனா என்று மட்டும் கேட்டார். கேட்டேன் என்றேன். அவரை இம்மனுவில் குற்றவாளியாக நான் காட்டவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னவர், அதட்டியதும் அடங்கிவிட்டார்.

12. இப்போதைய நிலை: உருவிய அந்த நல்ல டிஸ்க், 'பழுது' என்று ஒட்டப்பட்டு, மெத்தென்ற உறையில் சுற்றி, நிர்வாக அலுவலரின் அலமாரி மேல் இருக்கிறது. பழுதானதைக் கொடுத்தால் விற்ற நிறுவனம் புதியது தருமாம். திங்கட்கிழமை அந்த நிறுவனத்தின் ஆள் வந்து அதை எடுத்துப் போவார். அன்றே மீதி டிஸ்க்குகளையும் அழித்துப் பெட்டியைப் புதிதாகத் தொடங்கப்போகிறார்கள். தினமும் எடுக்கிற ஸ்கேன்களை வைக்க இடமில்லை என்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் புதிய நோயாளியின் படத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் பழைய நோயாளிகள் அத்தனை பேரின் படத்தையும் அழிப்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு அவசரமும் எனக்குப் பிடிக்கவில்லை.

13. என் மனைவி இந்த மனுவே வேண்டாம் என்றார். "அவங்க வேணும்னே பண்ணியிருக்க மாட்டாங்க. நீங்க ஊர்ல எல்லாரையும் சீட்டு எடுக்காத ஆளாவே பாக்கறீங்க" என்றார். அப்படிச் சொன்னவர், நான் பக்கத்து அறையில் இருப்பது தெரியாமல், சமையலறையில் நின்று தட எண்களையும் மேடைகளையும் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாக அறிவித்துப் பார்க்கிறார். எங்காவது நின்றால் முதலிலிருந்து தொடங்குகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அரசு மனுவில் எழுதுகிற சொல் இல்லைதான். வேறு சொல் கிடைக்கவில்லை.

14. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, அலமாரி மேல் இருக்கும் டிஸ்க் மருத்துவமனையை விட்டு வெளியே போகாமல் இன்றே தடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஏழும் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று குறித்து, பெட்டியை இயக்காமல் பூட்டி முத்திரையிட வேண்டும். ஸ்கேன் பிரிவுத் தலைவர் இல்லாத வேறு ஒருவர் முன்னிலையில், இத்துறை தெரிந்தவர்களைக் கொண்டு நகல் எடுத்து மீட்க உத்தரவிட வேண்டும். இனி எடுக்கும் பேக்கப் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்றும், அதைத் திறந்து பார்த்த பிறகே 'வெற்றி' என்று எழுத வேண்டும் என்றும் ஆணையிட்டால் என் போன்றோர் பலருக்கு நன்மை. ஆனால் அது திங்கட்கிழமைக்குப் பிறகும் ஆகலாம். முதலில் சொன்னது அதற்குப் பிறகு ஆகாது.

15. என் சந்தேகங்களைப் படித்த தாங்கள், நான் யாரையோ மாட்டிவிடப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கக்கூடும். மருத்துவமனையில் இருப்பவர்களும் அப்படி நினைத்துத்தான் அவசரப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இதை எழுதிக் கொடுக்கிறேன். மீட்ட படத்தில் அந்தப் புள்ளி அன்றே இதே அளவில் இருந்தால், அன்று அதைப் பார்க்கத் தவறிய மருத்துவர் மீது இன்றும் என்றும் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. வழக்கும் இல்லை, விசாரணையும் கேட்க மாட்டேன். மேலே ஏழாம் பத்தியை நானே என் கையால் அடித்துவிடுகிறேன். அவர் அன்று தவறு செய்திருக்க வேண்டும் என்றுதான் நானும் என் மனைவியும் வேண்டிக்கொண்டிருக்கிறோம். இதை அவரிடம் தெரிவிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம்
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பயணச்சீட்டுப் பரிசோதகர்,
நோயாளியின் கணவர்.