வெள்ளிக் கட்டும் உப்புத் தண்ணீரும்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் ஆய்வுக்கூடத்தில் என் குடுவையில் வெள்ளி தேன் மஞ்சளாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத துகளாக்கினால் வெள்ளி அப்படித்தான்; நகைக்கடைக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார். அந்தத் துகளின் முதுகில் மருந்தை ஏற்றிப் புண்ணில் இறக்கிவிட வைப்பதுதான் ஏழு வருடமாக என் பிழைப்பு.

சாயங்காலம் அண்ணன் வீடு. அவனுக்குச் சர்க்கரை நோய், வலது கால் பெருவிரலில் புண் ஆறாமல் கிடக்கிறது. மருத்துவர் வெள்ளித் துகள் பூசிய கட்டுத்துணி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை எதில் நனைப்பது என்று அண்ணி கேட்டார். "சலைன்லயே நனைங்க அண்ணி, அதுதான் சுத்தம்" என்றேன். கட்டுத்துணிப் பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளை நீட்டினார். எனக்கேவா என்று சிரித்து, வாங்காமல் விட்டேன்.

பிப்ரவரி 12

புண் அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 17

மருத்துவர் இன்னும் இரண்டு வாரம் பார்ப்பாராம், இல்லையென்றால் விரலை எடுப்பாராம். அண்ணன் பேருந்து ஓட்டுபவன். பெருவிரல் இல்லாமல் பிரேக்கை எப்படி மிதிப்பான்?

பயத்தை அண்ணி மேல் கொட்டினான். "உன் கைக்கு ராசி இல்ல. இனிமே தங்கச்சி போடட்டும்." அண்ணி கத்தரிக்கோலைத் துடைத்து டப்பாவில் வைத்தார். நானும் சரியென்று அந்த டப்பாவை வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

பிப்ரவரி 20

என் கையால் இரண்டாவது கட்டு. என் கைக்கும் ராசி இல்லை போல.

பிப்ரவரி 23, திங்கள்

கூட வேலை செய்பவள், வெள்ளி மிச்சமிருந்த குடுவையைச் சலைனில் அலசிவிட்டாள். மஞ்சள் கண்ணெதிரே சாம்பலாகி அடியில் படிந்தது. உப்பு பட்டால் வெள்ளி கெட்டுவிடும் என்று தெரியாதா எனத் திட்ட ஆரம்பித்தேன் — பாதியில் நாக்கு நின்றுவிட்டது. சலைன் என்றால் என்ன? உப்புத் தண்ணீர்தானே? அடிப்பாவி, ஏழு வருஷமா என்னத்தக் கிழிச்ச?

அரை நாள் விடுப்பு போட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அந்தத் தாளின் மூன்றாவது வரி: சுத்திகரித்த வெறும் தண்ணீரில் மட்டும் நனைக்கவும், உப்புக் கரைசல் கூடாது.

சொல்லாமலே தண்ணீரை மாற்றியிருக்கலாம். ஆறினால் எனக்குத்தான் பெயர். யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது.

இரண்டு பேரையும் உட்காரவைத்தேன். "தப்பு அண்ணி கையில இல்லண்ணா. சலைன்னு சொன்னது நான்." அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி, "அப்போ இன்னிக்கே மாத்திடலாம்ல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன்.

மார்ச் 3

ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். விரலை எடுப்பதை மருத்துவர் இன்னும் பத்து நாள் தள்ளிப்போட்டார்.

கட்டுவது இன்னும் நான்தான். அண்ணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவதோடு சரி. கூப்பிடாமல் அந்தக் காலைத் தொடமாட்டார். அவன் கூப்பிடவும் இல்லை.

மார்ச் 14, சனி

விரலை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் சில நாள் கட்டு போட்டால் போதும்.

கையுறை மாட்டி உட்கார்ந்தேன். அண்ணன் காலை இழுத்துக்கொண்டான். சமையலறைப் பக்கம் பார்த்து, "நீயே வந்து போடேன்" என்றான்.

அண்ணி உடனே வரவில்லை. கை கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வந்ததும் நான் எழுந்து இடம் விட்டேன்.