பட்டியலில் பதினோராவது பெயர்

5-6-72, திங்கள்

வெயில். தாலுகா ஆபீஸ் பானையில் மதியத்துக்குள் தண்ணீர் காலி.

விஜிலென்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்த தரிசு நிலம் தகுதியில்லாதவர்களுக்கும் போயிருப்பதாக யாரோ மனு. ஃபைல் என் மேஜையில்தான். ஹெட்கிளார்க் நீட்டிய டீயைத் தொடவில்லை. "கோவிச்சுக்காதீங்க, விசாரிக்க வந்த எடத்துல குடிக்கறதில்ல."

வெள்ளியன்று பட்டியலை நிலம் உள்ள ஊரின் சாவடியில் ஒட்டி, உரக்க வாசிக்க வேண்டுமாம். பெரிய எழுத்தில் நான் எழுத வேண்டும். "ஊர்க்காரங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்றார்.

பத்தொன்பது பேர். பதினோராவது அந்தோணி. என் அண்ணன். சொந்தமாக மூன்று ஏக்கர் உள்ளவன். மூன்று வருடம் முன் அவன் பெயரைச் சேர்த்தவன் நான்.

6-6-72, செவ்வாய்

வாங்க வேண்டியது: சீமெண்ணெய், நீல மை, சின்னவளுக்கு ஸ்லேட்டு.

பத்து பெயர் எழுதினேன். கை நின்றது. மூல ஃபைல் இன்னும் என்னிடம்தான். ஒரு தாளை மாற்றினால் போதும். மாற்றவில்லை. துணிச்சல் இல்லையா, மனசு வரவில்லையா, தெரியவில்லை.

அண்ணனுக்காக அன்று நான் எடுத்துவிட்ட பெயர்: மாதம்மாள். விதவை, கூலி. முகம்கூடத் தெரியாது.

7-6-72, புதன்

லீவு. பொம்மிடி பஸ். அண்ணன் அந்தப் பக்கம் மாமனார் ஊரில் குடியிருக்கிறான். பட்டா நிலமான அந்தக் காட்டிலேயே இருந்தான். ஓரமெல்லாம் கல் குவியல்.

"வெள்ளிக்கெழம உன் பேரைப் படிப்பாங்கண்ணா."

"நான் கேட்டனாடா? நீயா வந்து பட்டாவ நீட்டின. கரடா கெடந்துச்சி. மூணு வருசம் கல்லு பொறுக்குனவ உங்கண்ணி."

அண்ணி களி போட்டாள். பாதியை வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

8-6-72, வியாழன்

காலையில் மனைவி சகாயத்திடம் சொன்னேன். அவளுக்கே இப்போதுதான் தெரிகிறது.

"வேலை போயிடுங்களா?"

"தெரியல."

முறத்தை எடுத்து அரிசி பொறுக்கினாள். பிறகு, "நாளைக்கு ஊர்ல எவனாச்சும் கையக் காட்டறதுக்கு முந்தி நீங்களே சொல்லிடுங்க."

ஆபீஸ் போனதும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "எழுத்துல குடுங்க. நான் ஒண்ணும் கொறச்சு எழுத முடியாது. தானா வந்து சொன்னாருன்னும் எழுதுவேன். அதுவும் நடந்ததுதான?"

தன் கூஜாத் தண்ணீரை ஊற்றித் தந்தார்.

9-6-72, வெள்ளி

சாவடியில் நல்ல கூட்டம். நானே வாசிக்கிறேன் என்றேன். இன்ஸ்பெக்டர் சரி என்றார்.

பத்து வரை சத்தமில்லை. பதினொன்று.

"அவருக்குத்தான் சொந்தமா காடு இருக்குதுங்களே?" ஒரு குரல்.

"ஆமாங்க. தப்பு என்னுது. எங்கண்ணன் கேக்கல. இந்த எடத்துல மாதம்மாள்னு இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

பின்னால் ஒரு பெண்: "எம் பேரையா சொல்றாங்க?"

அண்ணன் வேப்பமரத்தடியில். துண்டை உதறித் தோளில் போட்டான். எழுந்து போகவில்லை.

பிறகு மற்றவர்களும் வாய் திறந்தார்கள். நாலாவது பெயருக்கு மறுப்பு. பதினாறாவதுக்கும். அவற்றுக்குச் சான்று கொடுத்த கிராம மணியக்காரர் முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை.

28-6-72, புதன்

இந்த வாரம் நல்ல மழை. சஸ்பெண்ட் ஆகி இரண்டு வாரம். காலையில் குடையில்லாமல் ஒரு பெண் வாசலில். மாதம்மாள்.

"ஆபீசுல புதுசா மனு எழுதியாரச் சொன்னாங்க. எழுதத் தெரிஞ்சவங்க வேற யாரு எனக்கு?"

"எம்மேல கோவம் இல்லீங்களா?"

"இல்லாம இருக்குமா? மூணு வருசம். எழுதுங்க."

எழுதினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தார். சகாயம் காபி கொடுத்தாள். குடித்துக்கொண்டே சொன்னார்:

"உங்கண்ணன் வந்திருந்தாருங்க. போன மழைக்கு சாமை வெதச்சுட்டாராம். அறுத்துக்கிட்டு நெலத்த உட்டுடறேன்னாரு. சரின்னுட்டேன். அந்தக் கல்லெல்லாம் எடுத்திருக்காங்களே."

அண்ணன் என்னிடம் இன்னும் பேசவில்லை.

மாதம்மாள் போன பிறகுதான் ஞாபகம். மனுவில் தேதி போடவில்லை. பேனாவோடு மழையில் ஓடினேன். மூலைக்கடைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, அவர் முந்தானையால் மறைத்துப் பிடிக்க, தேதி போட்டேன். மை கொஞ்சம் பரவிவிட்டது. படிக்க முடிகிறது.