பத்து மணிக்குத் திறந்த ஷட்டர்

இன்று காலை கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது, அண்ணே. 'உங்கள் தெருவின் ஓடை சீராக உள்ளது.' அதைப் படிக்கும்போது ஓடைத் தண்ணீர் கறுப்பாக என் அடுக்களைக்குள் கணுக்கால் வரை நின்றது. சீராம், வெட்கங்கெட்டவர்கள்.

உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. மட்டாஞ்சேரி ஓடை காயலில் விழும் இடத்தில் மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவது உங்கள் வேலை. கடல் ஏறும்போது மூடவேண்டும், இறங்கும்போது திறக்கவேண்டும். படகுத்துறைப் படியில் தண்ணீர் எதுவரை நனைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாயாவே குடிப்பீர்கள்.

பிறகு நம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நகரத்தையே புத்திசாலியாக்கப் போகிறார்களாம். ஓடைப் பக்கம் மூக்கைக்கூட நீட்டாத துரைமார்கள் ஷட்டருக்கு ஒரு நேரம் கேட்டார்கள். டைப் அடிக்க உட்கார்ந்தவள் நான். உங்களிடம் வந்து கேட்டேன்.

"எந்த நாளைக்கு உள்ள நேரம் மோளே? கடலு என்ன நம்ம ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டா வருது? தினமும் முக்கால் மணிக்கூர் தள்ளித் தள்ளியில்லா ஏறும்" என்றீர்கள்.

திரையில் இருந்ததோ எல்லா நாளுக்கும் ஒரே கட்டம். அன்று கடல் இறங்கிக்கொண்டிருந்தது பத்து மணிக்கு. பத்து என்று அடித்தேன். கட்டம் போட்டவனுக்கும் மூளை இல்லை, நிரப்பிய எனக்கும் இல்லை.

ஒரு வாரம் நீங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. மெமோ வந்தது. மறுநாள் சொன்னபடியே பத்துக்குத் திறந்தீர்கள். ஏறிக்கொண்டிருந்த கடல் ஓடை வழியே யூதர் தெருவான ஜூ டவுன் கிடங்குகளுக்குள் புகுந்து மிளகு மூட்டைகளை நனைத்தது.

விசாரணையில், "நேரம் கொடுத்தது யார்?" என்று கேட்டார்கள். எனக்கு அப்போது தற்காலிக வேலை. "கம்ப்யூட்டர்ல உள்ளதுதான் சார்" என்றேன். கம்ப்யூட்டரை சஸ்பெண்ட் செய்ய முடியாதல்லவா, உங்களைச் செய்தார்கள். பக்கத்தில் நின்ற நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே வந்து, "போட்டும் விடு மோளே, எனக்கு ரெண்டு வருஷம்தானே பாக்கி" என்றீர்கள். அதையும் முடிக்காமல் வீட்டில் கிடந்தே போய்விட்டீர்கள்.

நான் நிரந்தரமாகிவிட்டேன். துரைமார்களைத் தினமும் மனதுக்குள் காறித் துப்புகிறேன். அதில் பாதி என் மேலேயே விழுகிறது. உங்கள் வீட்டுக்கார அக்காவைப் பார்க்கப் போனால், "அவருக்கு அன்னிக்கு ஒரு நாள் கவனம் தப்பிப் போச்சு" என்று இன்றும் சொல்கிறாள். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன்.